இடது காலுக்கு ஒரு மைக்

என் இடது கால் ஒரு கம்ப்யூட்டரின் வேலையைப் பறித்துக்கொண்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டப்பகலில், கண்ணால் கண்ட சாட்சிகள் முன்னிலையில், அந்தக் கம்ப்யூட்டர் கைகட்டி நின்று வேடிக்கை பார்க்க, வயது அறுபதைத் தாண்டிய என் இடது கால் அதைச் சீட்டைவிட்டு இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்துகொண்டது. நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. நேரில் இருந்து பார்த்தவரே நம்பவில்லை.

நான் நகரப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு கொடுத்து அனுப்பியபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இனி நேரம் பார்க்கவே தேவையில்லாதவளுக்குக் கடிகாரம்! அதைவிடப் பெரிய பரிசு ஒன்றை அவர்களுக்கே தெரியாமல் எடுத்து வந்துவிட்டேன். அதுதான் இந்த இடது கால். எங்கள் காலத்துப் பேருந்தின் கிளட்ச், இப்போதைய கார்களில் இருப்பதுபோல் வெண்ணெயில் கால் வைக்கிற சமாசாரம் இல்லை. படுத்திருக்கும் எருமையை ஒற்றைக் காலால் எழுப்புகிற வேலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஒவ்வொரு சிக்னலிலும் அந்த எருமையை எழுப்பியிருக்கிறேன். அதனால் என் இடது தொடை வலது தொடையைவிடப் பருத்திருக்கும். அளவெடுக்கும்போதெல்லாம் தையற்காரர் டேப்பைத்தான் சந்தேகப்படுவார்.

எங்கள் வீட்டில் மருமகள், மெட்டல் என்கிற இடிமுழக்க ராக் இசையில் கிட்டார் வாசிப்பாள். பாடவும் செய்வாள். பாடுவது என்றால் கர்ஜிப்பது. மருமகள் மாமியாரைப் பார்த்துக் கர்ஜிக்க, அதற்கு மாமியாரே உட்கார்ந்து தாளம் போடுகிற வீடு உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். பேஸ் கிட்டாருக்கு அவளுடைய அப்பா, என் சம்பந்தி. பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் டிரில் ஓட்டுகிறவருக்கு எங்கள் பாட்டு தாலாட்டு மாதிரி. முன்பு இருந்த டிரம்மர் வேலை கிடைத்து வெளியூர் போனதும், அவர் விட்டுப்போன டிரம்ஸ் எங்கள் முன்னறையில் துணி காயப்போடும் இடமாகிவிட்டது. ஒருநாள் துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு சாப்பிடவும் தூங்கவும் மட்டுமே எழுந்திருக்கிறேன். அதுவும் மற்றவர்கள் கட்டாயப்படுத்தியதால்.

மெட்டலில் டிரம்மருக்குக் கையைவிடக் காலுக்குத்தான் வேலை. காலுக்கொன்றாக இரண்டு பெரிய டிரம். குதிகாலைத் தூக்கிக்கொண்டு, தொடையை மறந்துவிட்டு, கணுக்காலால் மட்டும் டகடகடகவென்று மாறி மாறி அடிக்க வேண்டும். வேகத்தில் தொடையைக் கொண்டு அடித்தால் பாதிப் பாட்டில் அது கல்லாகிவிடும். இதில் ஊர் உலகத்து டிரம்மர்களுக்கெல்லாம் ஒரே வியாதி: இடது கால் சோம்பேறி. வலது கால் 'டக்' என்னும், இடது கால் 'த்' என்னும். கேட்டால் நொண்டிக் குதிரை ஓடுகிற மாதிரி இருக்கும்.

மருமகளின் முதல் பாட்டைப் பதிவு செய்ய, டயர்க்கடை ஒன்றின் மாடியில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போனோம். படிக்கட்டெல்லாம் ரப்பர் வாசனை. உள்ளே சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை, தரையில் எத்தனையோ டிரம்ஸின் கால்தடம் பதிந்த கம்பளம். அங்கே ஒலிப்பதிவு செய்கிறவருக்கு பேண்டுகள் வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனார் சுவர்மேல் வைத்து மட்டம் பார்ப்பாரே, அந்தக் குமிழிக் குழாய்தான். யார் எப்படி வாசித்தாலும் கம்ப்யூட்டரில் கோடு போட்டு, ஒவ்வோர் அடியையும் காதைப் பிடித்து இழுத்து வந்து கோட்டில் உட்காரவைத்துவிடுவார். அதோடு விடவும் மாட்டார். காலடிச் சத்தங்களை மொத்தமாக அழித்துவிட்டு, என்றைக்கோ பதிந்து வைத்த ஒரே ஓர் அடியை எல்லா இடத்திலும் ஒட்டுவார். அதனால் அந்தச் சுற்றுவட்டாரத்து மெட்டல் பேண்டுகள் அத்தனைக்கும் ஒரே டிரம் சத்தம்.

"ஒரே பல்செட்டை ஊரே மாத்தி மாத்திப் போட்டுக்கிற மாதிரி" என்றார் சம்பந்தி.

ரசமட்டம் என்னைப் பார்த்ததும், "டிரம்மர் எப்ப வர்றாரு?" என்றார்.

"டிரம்மர் வந்து உக்காந்தாச்சு தம்பி. உங்க மைக்தான் இன்னும் வரல."

சிரித்தார். பிறகு மருமகளை ஓரமாக அழைத்துக்கொண்டு போய், "அம்மா சும்மா ஆசைக்கு வாசிக்கட்டும். கால் வேலைய நான் மெஷின்ல போட்டுக்கறேன்" என்று குசுகுசுத்தார். பேருந்து ஓட்டியவளின் காது அவருக்குத் தெரியாது. கடைசி வரிசையில் எவனாவது டிக்கெட் எடுக்காமல் மூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும்.

"அண்ணா, இது என் முதல் பாட்டு. இதுல அத்தையோட கால்தான் இருக்கணும்" என்றாள் மருமகள்.

"கால் இருக்கலாம்மா, ரெண்டும் சமமா இருக்காதே! நான் பார்க்காத டிரம்மரா? சரி, ஒண்ணு பண்ணலாம். அடுத்த பேண்டு மத்தியானம் வருது. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை, முழுப் பாட்டும், ரெண்டு காலும் ஒரே பலத்தோட வந்துட்டா அப்படியே விட்டுடறேன். வரலைன்னா மெஷின்தான். அப்புறம் எங்கிட்ட வருத்தப்படக் கூடாது."

"ஒத்துக்கிட்டேன்" என்று நான் அங்கிருந்தே கத்தினேன்.

கத்திவிட்டேனே தவிர, உள்ளுக்குள் ஒரு கேள்வி. பாட்டு வெளியே போகும்போது அதில் ஓடுவது மெஷினின் கால் என்றால், நான் யார்? முன்னறையில் துணி காய்ந்த இடத்தில் வந்து உட்கார்ந்த ஆள், அவ்வளவுதான்.

சத்தம் அமைப்பதில் மட்டும் எனக்கும் ரசமட்டத்துக்கும் சண்டையே வரவில்லை. மனிதர் தொழில் தெரிந்தவர். பெடலை மிதித்தால் டிரம்மில் போய் அடிக்கிற சுத்தியலின் கம்பளித் தலையைக் கழற்றிவிட்டு மரத்தலை போட்டேன். அதைப் பார்த்து, அது படுகிற இடத்தில் தோலின் மேல் கெட்டியான பிளாஸ்டிக் வில்லை ஒன்றை அவரே கொண்டுவந்து ஒட்டினார். மருமகளின் கிட்டார் கொதிக்கிற தாரை ஊற்றின மாதிரி பரவும். அதில் கம்பளித் தலை 'பொம்' என்று விழுந்தால் தாருக்குள் விழுந்த தலையணைதான், போன இடம் தெரியாது. மரத்தலை 'டக்' என்று முனையோடு இறங்கும், ஆணி மாதிரி. அடித்த அடி இழுக்காமல் உடனே அடங்க, டிரம்முக்குள் தலையணை வைக்க வேண்டும். ஒரு டிரம்முக்குத் தலையணை ஸ்டூடியோவில் இருந்தது. இன்னொன்றுக்குச் சம்பந்தி, கிளினிக்கில் தான் குட்டித்தூக்கம் போடுகிற தலையணையைக் காரிலிருந்து எடுத்து வந்து, பெற்ற பிள்ளையை விடுதியில் சேர்க்கிற முகத்தோடு கொடுத்தார். கையால் அடிக்கிற ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மை மட்டும் நன்றாக முறுக்கினோம், அறைந்தால் கன்னத்தில் அறைந்த மாதிரி கேட்பதற்கு. கடைசியாக, காலுக்கொன்றாக இரண்டு டிரம்முக்குள்ளும் தனித்தனி மைக் வைத்தார் ரசமட்டம்.

வாசிக்க ஆரம்பித்தேன். முதல் சுற்று முடிவதற்குள் ஹெட்போனில் அலறினார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! சிவப்பு லைட் எரியுது. சத்தம் உடையுது. வலது காலைக் கொஞ்சம் குறைங்கம்மா!"

குறைத்தேன். மறுபடியும் சிவப்பு.

"குறைக்கச் சொன்னா ஏத்தறீங்களே!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் குனிந்து பார்ப்பது தெரிந்தது. "அட, இது இடதுன்னு எழுதின லைட்டு! அப்ப கேபிள் மாறிப்போச்சு" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். மேசைக்கு அடியில் ஊர்கிற மாதிரி டிரம்முக்கு அடியில் ஊர்ந்து, இரண்டு கேபிளையும் பிடுங்கி மாற்றி மாட்டினார். திரும்பிப் போனார். நான் வாசித்தேன். அதே லைட், அதே சிவப்பு.

"மைக் கோளாறு" என்று மைக்கை மாற்றினார். சிவப்பு. மறுபடி கேபிளை மாற்றினார். சிவப்பு. வந்தபோது வெள்ளையாக இருந்த அவர் சட்டை, அந்தக் கம்பளத்தின் தூசியில் ஒரு மாநிலத்தின் வரைபடம் மாதிரி ஆகிவிட்டது. மணி ஓடிக்கொண்டிருந்தது. நான் பெடல்மேல் கால் வைத்தபடி, சிக்னலில் மாட்டிய வண்டி மாதிரி உறுமிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மருமகள்தான் கருவிப்பலகை முன் நின்று, "அண்ணா, இந்தக் குமிழ் மட்டும் ஏன் இவ்ளோ ஏத்தி வச்சிருக்கு?" என்று கேட்டாள்.

"அது இடது காலோட மைக்குக்கு. யார் வந்தாலும் அதை ஏத்தித்தான் வைப்பேன். எப்பவும் இடது கால் கொஞ்சம் பலவீனமாத்தானே..."

அவர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். எத்தனையோ சோம்பேறிக் கால்களுக்குத் தாங்கல் கொடுத்துக் கொடுத்து, கையே பழகிப்போய் அந்தக் குமிழைத் தானாகத் திருகியிருக்கிறது. பலமான கால் எது வந்தாலும் அந்தப் பக்கம் உடையத்தான் செய்யும்.

"பரவால்ல தம்பி. தப்பு உங்க மேல இல்ல, கிளட்ச் மேல" என்றேன்.

"எல்லா டிரம்மரும் முதல் சுற்றுல பலமாத்தான் அடிப்பாங்க" என்றார் விடாமல். "முடிவு வரைக்கும் வரணும்." இரண்டு குமிழையும் சமமாக வைத்தார். கீழே படிக்கட்டில் பேச்சுக் குரல். அடுத்த பேண்டு வந்துவிட்டது. ஒரே ஒரு தடவைக்குத்தான் நேரம் இருந்தது.

அந்த ஒரு தடவையைச் சொல்கிறேன், கேளுங்கள். மிகவும் குறைத்துத்தான் சொல்கிறேன். நிறைய ஆள் ஏற்றிய வண்டி மேம்பாலத்தில் ஏறுவதுபோல நிதானமாகத் தொடங்கினேன். உச்சிக்கு வந்ததும் கிட்டார் வெடித்தது, மருமகள் கர்ஜித்தாள், நான் இறக்கத்தில் விட்டேன். பஞ்சுச் சுவர்கள் மூச்சு வாங்கின. கீழே டயர்கள் தாமாக எழுந்து உருண்டு தெருவைக் கடந்தன என்று டயர்க்கடைக்காரர் சொன்னார். சொல்லவில்லை, ஆனால் பிறகு இறங்கிப் போகும்போது பார்த்தேன், அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

பாட்டின் முடிவில் ஒரு நீண்ட ஓட்டம் உண்டு. கால்கள் இரண்டும் நிற்காமல் ஓட வேண்டும், மேலே கைகள் ஸ்னேரையும் பித்தளைத் தட்டையும் சேர்த்து அறைந்துகொண்டே இருக்க வேண்டும். அதில்தான் வினை வந்தது. இடது காலில் இல்லை, வலது காலில்! ஆடுசதை முடிச்சுப் போட்டுக்கொண்டது. காலமெல்லாம் பிரேக் போட்டே பழகிய கால் அல்லவா? கடைசி நிறுத்தம் நெருங்கியதும் 'நில், நில்' என்றது. நின்றால் நொண்டிக் குதிரை. நொண்டினால் மெஷின். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரசமட்டத்தின் கை மவுஸ் பக்கம் நகர்வதைக்கூடப் பார்த்தேன்.

வலது பாதத்தைப் பெடலில் அரை விரல் பின்னால் இழுத்தேன். முழங்காலைத் தளர்த்தி, கணுக்காலை மட்டும் விட்டேன். மிச்சத்தை இடது காலிடம் ஒப்படைத்தேன். அது டக் டக்கென்று வழி சொல்லிக்கொண்டே முன்னால் போக, வலது கால் பல்லைக் கடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடியது. இரண்டும் ஒன்றாகப் பாட்டின் கடைசி அடியில் போய் மோதின. அவ்வளவுதான், ஸ்டூலிலிருந்து அப்படியே சரிந்து கம்பளத்தில் மல்லாந்துவிட்டேன்.

"சம்பந்தியம்மா, காலை நீட்டுங்க, நீட்டுங்க" என்று சம்பந்தி ஓடிவந்து ஆடுசதையைப் பிசைந்தார்.

"பல் டாக்டர் காலைப் பிடிக்கலாமா?"

"வாயை மூடச் சொல்றதுக்கு எனக்கு உரிமை இருக்கு. மூடுங்க."

திறந்திருந்த கதவு வழியே ரசமட்டத்தைப் பார்த்தேன். திரையில் கோடுகள். என் அடிகளில் சில கோட்டுக்கு ஒரு மயிரிழை பின்னால் இருந்தன. அவர் கை மவுஸைத் தொட்டது.

"கையை எடுங்கண்ணா. முதல்ல கேளுங்க" என்றாள் மருமகள்.

ரசமட்டம் வலது காலின் சத்தத்தை நிறுத்திவிட்டு இடது காலை மட்டும் ஓட்டினார். டக் டக் டக் டக். முதலிலிருந்து முடிவு வரை ஒரே உயரத்தில் வந்தது. பிறகு இடதை நிறுத்தி வலதை ஓட்டினார். முடிவில் லேசாக ஒரு நடுக்கம், ஆனால் விழவில்லை. மறுபடி இடது. மறுபடி இரண்டும் சேர்த்து. அந்த மயிரிழைத் தாமதத்தால்தான் பாட்டுக்கு எடை வந்திருந்தது, பாரம் ஏற்றின வண்டி வளைவில் திரும்புகிற மாதிரி. அவர் மவுஸை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அடுத்த பேண்டின் டிரம்மர், கைநிறைய குச்சிகளோடு அவர் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணா, புதுச் சத்தமா இருக்கே! எந்த மெஷின் இது? எங்க பாட்டுக்கும் இதையே ஒட்டிடுங்க."

"மெஷின் இல்லப்பா."

"சும்மா சொல்லாதீங்கண்ணா. இடது கால் இப்படி வருமா? நீங்கதானே வராதுன்னு எங்கிட்ட சொன்னீங்க?"

ரசமட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சம்பந்தியின் மடியில் காலைப் போட்டுக்கொண்டு கம்பளத்தில் மல்லாந்து கிடந்தேன். அவர் தன் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டார்.

"சொன்னேன். நானும் நம்பல. கேபிளைப் பிடுங்கினேன், மைக்கை மாத்தினேன், தரையில ஊர்ந்து பார்த்தேன். அதோ கிடக்காங்களே, அந்த அம்மாவோட சொந்தக் கால்தான். என் கண்ணு முன்னாடி நடந்துச்சு."