ஞானேஸ்வரிக்கு ஒரு ரெசிஸ்டர்

ஊசியை இறக்குவதற்கு முன்னால் குமாரசிங்கம் சுட்டுவிரலை உயர்த்தினார். அறையில் அவரைத் தவிர இருந்தவர் தேவதாசன் மட்டும்தான். அவரும் வாயைத் திறந்தது பிஸ்கட்டுக்காக. இருந்தாலும் விரல் உயர்ந்தது. முப்பது வருடங்களாக இந்த வீட்டில் இசைத்தட்டு சுழலும்போதெல்லாம் உயர்ந்த விரல் அது. அது உயர்ந்தால் சமையலறையில் குழாய் நிற்கும், செருப்புகள் வாசலில் கழன்றுகொள்ளும், மனைவி ஞானேஸ்வரி பாதி வாக்கியத்தை விழுங்கிக்கொள்வாள். அவள் கண்ணை மூடி நாலு வருடமாகியும் விரலுக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

பதுளையில் ஒலியைப் பற்றித் தெரிந்தவர் தான் ஒருவரே என்பது ஓய்வுபெற்ற பிரதம பொறியியலாளரான குமாரசிங்கத்தின் அபிப்பிராயம். அதை மறுக்கக்கூடிய இன்னொருவர் பதுளையில் இல்லாததால் அது உண்மையாகவும் இருந்தது. ஒருமுறை நூலக மண்டபத்தில் ‘ஒலியும் உண்மையும்’ என்று ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். கடைசிவரை இருந்து கேட்டவர்களில் ஒருவர் மண்டபத்தைப் பூட்டவேண்டியவர். கடையில் விற்கும் கருவிகளை அவர் நம்புவதில்லை. ஊசியிலிருந்து வரும் நூல் போன்ற ஒலியைப் பெருக்கும் பெட்டிக்கு ‘முன்பெருக்கி’ என்று தானே பெயரிட்டு, பிஸ்கட் தகரத்துக்குள் தானே செய்தும் முடித்தார். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரே ஒரு ரெசிஸ்டர்தான் பாக்கி. ஊசியின் ஒலி பெட்டிக்குள் நுழையும் வாசலில் அது காவல் நிற்கும். பெறுமானம் குறைந்தால் குரல் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல மங்கும். கூடினால் ‘ச’வும் ‘ஸ’வும் கண்ணாடித் துண்டாக மின்னும். நாற்பத்தேழு கிலோ ஓம் என்பது புத்தகம் சொல்லும் கணக்கு. புத்தகத்துக்கு ஞானேஸ்வரியைத் தெரியாது.

தட்டு அவளுடையது. போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்த கையோடு மைத்துனன் தனேஸ்வரன் கொண்டுவந்து கொடுத்தான். “அக்காவின்ர சூட்கேசுக்கை சீலையளுக்கு அடியில கிடந்தது, அத்தான்.” கலியாணத்துக்கு முன்னால், ஆசிரிய கலாசாலையில் படிக்கும்போது, பால் வாங்கப் போய்ப் பாலைக் குடித்துவிட்டு வந்த நாயைப் பற்றித் தானே கட்டிய ஒரு சிறுவர் பாட்டை அவள் பாடியிருந்தாள். அலுமினியத் தகட்டில் மென்மையான கறுப்புப் பூச்சுப் பூசி, பாடப் பாட நேரடியாக வெட்டிய தட்டு. பிரதி கிடையாது. வீட்டில் அலுமாரி நிறையக் கசெட்டுகள் இருந்தன, எல்லாவற்றிலும் வித்துவான்கள். அவள் குரல் ஒன்றிலும் இல்லை.

பஜாரில் ரேடியோ திருத்தும் ஹாஷிம் ஒவ்வொரு பெறுமானத்திலும் ஒன்றாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது, “இவ்வளவும் எதுக்கு சேர், ராக்கெட்டா வுடப் போறீங்க?” என்று கேட்டார். “ஒரு ஆளின்ர குரலைச் சரிபார்க்கோணும்” என்றார் குமாரசிங்கம். ஹாஷிம் பொட்டலத்துக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

சரிபார்க்கச் சாட்சி வேண்டியிருந்தது. அதனால்தான் தேவதாசன். ஹாலிஎலயில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர், சர்ச் பாடகர் குழுவை நடத்துபவர். அவருடைய பள்ளிக்கூடத்தில்தான் ஞானேஸ்வரி இருபது வருடம் படிப்பித்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோட்டுச் சூட்டோடு பஸ் ஏறி வந்திருந்தார். தனக்கு ஒரு சுருதியும் தப்பாது என்று அவருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு.

நாற்பத்தேழு கிலோ ஓமில் ஒரு பெண் பாடினாள். நல்ல பெண். யாருடைய மனைவியாகவும் இருக்கலாம். ஐம்பத்தாறில் கொஞ்சம் கிட்ட வந்தாள். கவ்விகளுக்கிடையில் அறுபத்தெட்டை மாட்டி ஊசியை இறக்கினார். பாட்டு முடிந்தது. முன்னிரண்டு தடவையும் இருமல் போலக் கேட்ட இடத்தில், அன்று பதிவை நிறுத்துவதற்குள், யாரோ சிரித்தார்கள். கலகலவென்று, வெட்கமில்லாமல், பாதியில் மூச்சு வாங்கி மறுபடியும்.

தேவதாசனின் கையில் பிஸ்கட் உடைந்தது. “டீச்சரேதாங்க சார்! ஸ்டாஃப் ரூம்ல இப்புடித்தான் சிரிப்பாங்க. வெளிய தோட்டத்துப் பெரட்டுக்கு ஆளுங்க நிக்கிற மாதிரி வரிசையா நிக்கிற புள்ளைகளும் காரணம் தெரியாமலே சேந்து சிரிக்குங்க.”

“இல்லை மாஸ்டர். இது பிழை. மேல் ஸ்தாயி கூடிப்போச்சு. ஞானம் இப்பிடிச் சிரிக்கிற ஆளில்லை.”

“வீட்ல எப்புடிங்க பேசுவாங்க?”

குமாரசிங்கம் யோசித்தார். மெதுவாக. மிகவும் மெதுவாக. சொற்கள்தான் ஞாபகம் வந்தன. தேத்தண்ணி, மருந்து, ஆர் வந்தது. குரல் வரவில்லை.

“சார், முதல்ல ஒரு கசெட்டுல புடிச்சு வச்சிருங்களேன்.”

“சரியான ரெசிஸ்டரைக் கண்டுபிடியாமல் பதிஞ்சால் பிழையான குரலெல்லோ பதியும்? நீங்கள் என்ன கதைக்கிறியள்!”

அதிபர் உத்தியோகத்தில் எத்தனையோ கல்விப் பணிப்பாளர்களைப் பார்த்தவர் தேவதாசன். தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அந்த வாரம் முழுவதும் குமாரசிங்கம் பிழையான சிரிப்பைக் கேட்டார். பிழை எவ்வளவு என்று அளப்பதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காலையில் ஒரு தரம், மரக்கறிக்குப் போய்வந்து ஒரு தரம். ஒவ்வொரு தரமும் ஊசிமுனையை நெருங்கிப் பார்த்து, ஒட்டியிருந்த தூசியை ஃபூவென்று ஊதிவிட்டு, மறுபடியும். ஊசி எழுந்தபின் வீட்டில் விழுந்த அமைதி சரியில்லை. உள்ளறையில் யாரோ அப்போதுதான் பேச்சை நிறுத்திவிட்டு, விரல் இறங்குவதற்காகக் காத்திருப்பதுபோல இருந்தது. ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்தார். கட்டில் மட்டும். “கதையும், ஞானம்” என்று சொல்லிப் பார்த்தார். ஒரு பிரதம பொறியியலாளர் வெறும் அறையோடு கதைப்பது யாருக்கும் கேட்டிருக்குமோ என்று ஜன்னலையும் பார்த்துக்கொண்டார்.

புதன்கிழமை அளவில் சிரிப்பு கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. எண்பத்திரண்டை மாட்டினார், திரும்பி வந்தாள். வெள்ளிக்கிழமை மறுபடியும் தூரப் போனாள். நூறை மாட்டினார். கம்பிகளை ஒட்டிய ஈயப்பற்றின் பிழையாக இருக்கலாம், மின்சார சபையின் பிழையாக இருக்கலாம். தன்னைத் தவிர எல்லோரையும் சந்தேகித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேவதாசன் கண்களை மூடிக் கேட்டார். பாட்டு, சரசரப்பு, பிறகு மழைக்குள் யாரோ தொண்டையைக் கனைத்ததுபோல ஒன்று.

“போன வாரம் கேட்டது இது இல்லீங்களே சார்” என்றார் தயங்கித் தயங்கி. “அதுல டீச்சர் இருந்தாங்க.”

“நூற்றைம்பது கிடக்குது. போடுறன், பொறுங்கோ.”

ஊசிக் கையைத் தூக்கி, வழக்கம்போல முனையைப் பார்த்தார். இமை மயிரைவிட மெல்லிய ஒரு கறுப்பு இழை அதில் சுருண்டு தொங்கியது. தூசி சாம்பல் நிறத்தில் இருக்கும். இது தட்டின் நிறம். ஊதுவதற்கு உதடுகளைக் குவித்தவர் அப்படியே நின்றார். நூலக மண்டபத்தில் கைதட்டல் வாங்கிய அவருடைய ஒரே வாக்கியம் அவருடைய குரலிலேயே காதில் விழுந்தது: ‘மென்மையான தட்டை ஊசி வாசிப்பதில்லை, தின்கிறது, முதலில் தின்பது மேல் ஸ்தாயியை.’

“என்னாச்சுங்க சார்?”

விரல் உயர்ந்தது. பிறகு, எதற்கு உயர்ந்தோம் என்று அதற்கே தெரியாததுபோலத் தாழ்ந்தது.

“மாஸ்டர்” என்றார், மூச்சை வெளியே விடாமல். “ஜன்னலைச் சாத்துங்கோ. மெதுவா.”

தேவதாசன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு நடந்துபோய்ச் சாத்தினார். திரும்பி வந்து குனிந்து பார்த்தார். அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தட்டு வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. அதற்கு மேலே, இரண்டு கிழவர்களின் முகங்களுக்கு நடுவில், கறுப்பு இழை ஊசிமுனையில் தொங்கி, விழுவதா வேண்டாமா என்று ஆடிக்கொண்டிருந்தது.