சிரிக்கிற உடம்பு

கேட்கட்டும். நல்லாக் கேட்கட்டும்.

காளியம்மை வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள். "சஜி, உன் கையில நரம்பு தேடுறது கணவாய் மீனுக்குள்ள முள்ளு தேடுற மாதிரி இருக்கு."

தோப்பும்படியில் படகு வேலை பார்க்கும் சஜி விடவில்லை. "பாத்துக் குத்துங்க சிஸ்டரே. கணவாய் மை பீச்சும்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். தோள் தளர்ந்த அந்த நொடியில் ஊசி உள்ளே போய்விட்டிருந்தது. இத்தனை வருட நர்ஸ் வேலையில் அவள் கைக்குப் படிந்த வித்தை அது. சிரிக்கிற உடம்புக்கு ஊசி தெரியாது.

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரக் கட்டிலில், அவள் புருஷன் சுடலைமணி கிடந்தான். கல்லீரல் முழுக்கப் போய்விட்டது, இன்றைக்குத் தாண்டாது என்று காலையில் டாக்டர் சொல்லியிருந்தார். அவனைப் பார்த்துக்கொள்ள வேறு நர்ஸைப் போடட்டுமா என்று கேட்டார்கள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எல்லோரும் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திரையைத் தாண்டுவதற்குள் முகத்திலிருந்து சிரிப்பை எடுத்துவிட்டாள்.

"அவன்கிட்ட என்ன சொன்ன?" என்றான் சுடலைமணி.

கல்யாணமான புதிதில், மழை நாளில் குடை கொடுக்க வார்டுக்கு வந்தவன், ஒரு நோயாளியோடு அவள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுக் குடையைக் கொடுக்காமலே திரும்பிப் போனான். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை அவள் முன்னால் பிடித்தான். "அங்க சிரிச்ச மாதிரி சிரி." சிரித்தாள். "இப்படி இல்ல." மறுபடி சிரித்தாள். வாய் கோணி அழுகை வரும்வரை அவன் கண்ணாடியை இறக்கவில்லை. அதன்பிறகு தினமும் அவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பான்: "இன்னைக்கு யாருக்குப் பல்லைக் காட்டிட்டு வந்த?" மட்டாஞ்சேரியின் அந்த இரண்டறை வீட்டில் அவள் பிறகு சிரித்ததே இல்லை. அப்பாவைப் பார்க்க வந்த மகன் ஆனந்தகுமார், அவளோடு வார்டில் வேலை செய்யும் நர்ஸ் ஷீஜாவிடம், "எங்கம்மா இவ்வளவு பேசுவாங்களா?" என்று கேட்டானாம்.

"எங்கிட்டயும் ஒண்ணு சொல்லு காளி." உலர்ந்த உதட்டை நனைத்துக்கொண்டான். "நீ குத்துறப்ப எனக்கு மட்டும் வலிக்குது."

நாக்கு நுனியில் ஒன்று இருந்தது. நல்லதாகவே. அவனும்கூடச் சிரித்திருப்பான். எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"கையை நீட்டுங்க."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நீட்டினான். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. வலிக்க வேண்டிய அளவுக்குத்தான் வலித்தது. அவள் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

மதியச் சோற்று வண்டி வார்டுக்குள் வரும்போது அவன் மூச்சு நின்றது. நாடியில் வைத்த விரலை அவள் தேவைக்கு மேல் அங்கேயே வைத்திருந்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வந்துகொண்டிருக்கிறேன், வைட்டிலாவில் பஸ் ஏறிவிட்டேன் என்று மகன் போனில் சொன்னான்.

வெந்நீர் வாளியோடு ஷீஜா வந்தாள். "சேச்சி வெளிய உக்காருங்க. நான் துடைச்சு எடுக்குறேன்."

"நானும் இருக்கேன்."

இருவரும் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்கள். ஷீஜா முதன்முதலாக ஒரு பிணத்தைத் துடைத்த அன்று அவள் துணியோடு இரண்டடி தள்ளியே நின்றதைப் பார்த்து, காளியம்மை அந்தக் கிழவரிடமே குனிந்து சொன்னாள்: "அப்பச்சா, பொண்ணு புதுசு. நீங்க உதைக்க மாட்டீங்கன்னு நான் ஜாமீன் குடுத்திருக்கேன்." ஷீஜா சிரித்தும் அழுதும் அந்த வேலையை முடித்தாள். அதிலிருந்து இந்த வார்டில் இறந்த யாரும் காளியம்மையிடம் ஒரு வேடிக்கைப் பேச்சு வாங்காமல் கீழே பிணவறைக்குப் போனதில்லை. சண்டைக்காரர்கள், எச்சில் துப்பியவர்கள், பெயர்கூடத் தெரியாதவர்கள், யாரும்.

தாடையைக் கட்டியாயிற்று. ஷீஜா பஞ்சுச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். திரைக்கு அப்பால் சஜி எழுந்து உட்காரும் கட்டில் சத்தம் கேட்டது.

"சேச்சி," என்றாள் மெல்ல. "சேட்டனுக்கு ஒண்ணும் சொல்லலையே."

காளியம்மை துணியைப் பிழிந்து அவன் காதுமடலைத் துடைத்தாள். உள்மடிப்பு வரைக்கும், சுத்தமாக.

"ஒண்ணே ஒண்ணு சேச்சி. பாவமில்லே அவரு?"

துணியை மறுபடி வெந்நீரில் நனைத்தாள்.

"தோளைப் பிடி ஷீஜா. அந்தப் பக்கம் திருப்பணும்."