எண்ணெய் அடங்கும் சத்தம்

ரகு கடைவீதியிலிருந்து சீப்பு வாங்கி வந்தார். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு. வீட்டில் இருந்தது மூன்று பேர். நான் எண்ணிப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். நான்கையும் வெந்நீரில் போட்டு அலசி, துண்டில் துடைத்து, மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு மாவைப் பிசையப் போனார்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் சீப்பில்தான் ஆரம்பிக்கும். மைதா, முட்டை, சர்க்கரை, தேங்காய்ப் பால் சேர்த்துப் பிசைந்த மாவில் ஒரு கோலிகுண்டு அளவு கிள்ளி, சீப்பின் பல்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சங்குபோல் ஒன்று வரும். அதைப் பொரித்தால் கல்கலா. தலைமுடி படாத புதுச் சீப்பு வேண்டும் என்பதால் ஒவ்வொரு வருஷமும் வாங்குவோம், ஆளுக்கொரு நிறம். பச்சை எப்போதும் கன்னிகாவுக்கு. கன்னிகா என் நாத்தனார், ரகுவின் ஒரே தங்கை. திருப்பதியில் இருக்கிறாள், வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறி சித்தூருக்கு வந்துவிடுவாள். அன்று முழுக்கச் சுடுவோம். இருபத்தைந்தாம் தேதி ஆராதனை முடிந்ததும் இரண்டு பக்கத்துச் சொந்தமும் முப்பது பேர் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அவர்கள் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்று நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். கன்னிகாவின் டப்பாக்களுக்குத்தான் வருகிறார்கள்.

இந்த வருஷம் அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஐந்து மாதமாக அண்ணனோடு பேச்சில்லை. போன வாரம் நான் கூப்பிட்டபோது, "எதுக்கு அண்ணி? கடையில சொன்னா பெட்டியில போட்டு வூட்டாண்ட கொண்டாந்து குடுத்துட்டு போறான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

விஷயம் அந்தப் பெட்டிதான். ஜூலை மாதம் எங்கள் மகள் பிரியங்காவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஞானஸ்நானம் முதல் நன்றிக் கூட்டம் வரை எங்கள் குடும்பத்து விசேஷம் எதற்கும் கன்னிகாதான் பலகாரம் சுடுவாள். யாரும் சொல்லக்கூட வேண்டியதில்லை, தேதி தெரிந்தால் போதும். அந்த ஒரு விசேஷத்துக்கு மட்டும் கடையில் சொல்லிவிட்டோம். சபையில் வந்து உட்கார்ந்தவள் பொன்னிறப் பெட்டிகளைப் பார்த்தாள், ஒன்றைத் திறந்து உள்ளே இருந்த முறுக்கைப் பார்த்தாள், மூடி வைத்தாள். சாப்பிடாமல் போய்விட்டாள். "நான் சுட்டது வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேனே" என்று அண்ணனிடம் போனில் கேட்டாளாம். ரகு, "உன் கைக்கு ரெஸ்ட் குடுக்கலாம்னுதான்" என்று சொன்னாராம். தையல் மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது நிஜம். ஆனால் அவள் அதை நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை.

ஏனென்றால் கடைக்குச் சொன்னது ரகு இல்லை, நான்.

மணிக்கட்டு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் ரகுவிடம்கூடச் சரியாகச் சொன்னதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெங்களூர்க்காரர்கள். அவர்கள் கையில் ரிப்பன் கட்டிய பெட்டியைக் கொடுத்தால் கௌரவமாக இருக்கும், எவர்சில்வர் அடுக்கில் முறுக்கை வைத்து நீட்டினால் என்ன நினைப்பார்களோ என்று எனக்கு ஒரு புத்தி. கன்னிகாவின் கோபம் அண்ணன்மேல் திரும்பியபோது ரகு அதைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. மீந்துபோன காலிப் பெட்டிகள் பரண்மேல் இருக்கின்றன. எதையாவது இறக்க ஏறும்போதெல்லாம் அவை என் தலையில் விழுந்துகொண்டிருந்தன.

பத்து மணிக்கு எண்ணெய் வைத்தோம். நானும் பிரியங்காவும் சுருட்டுவது, ரகு பொரிப்பது. ரகுவுக்குத் தயக்கமே இல்லை. இருபது வருஷமாகச் சட்டி முன்னால் ஜல்லிக்கரண்டியோடு நின்றவர் அவர்தான். கன்னிகா சட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, சுருட்டிக்கொண்டே, ஊர்க்கதை பேசிக்கொண்டே, நடுவில் திரும்பிக்கூடப் பார்க்காமல் "அண்ணே, எடு" என்பாள். இவர் எடுப்பார். இதனால் தானே சுட்டுக்கொண்டிருப்பதாக மனிதர் இருபது வருஷம் நம்பியிருக்கிறார்.

முதல் ஈடு கரிந்துவிட்டது. வெளியே கரி, பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை மாவு. இரண்டாவது ஈடு வெளுத்துப்போய், எண்ணெயைக் குடித்துவிட்டு வந்தது.

"காஸ் சரியில்ல" என்றார் ரகு. "சிலிண்டர் தீரப்போவுது போல."

"முந்தாநாள்தான் நைனா மாத்தினோம்" என்றாள் பிரியங்கா.

"அப்போ மைதா சரியில்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அடுத்த உருண்டையைச் சீப்பில் அழுத்தினேன். மூன்றாவது ஈட்டைப் போட்டுவிட்டு அவர் சட்டியையே முறைத்துக்கொண்டு நின்றார். "பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீன்னு உட்டுட்டான். அப்பவும் வர மாட்டேங்கிறா" என்று எண்ணெயிடம் சொன்னார்.

பிரியங்காதான் அதைச் செய்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, சட்டிக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, எண்ணெய்ச் சத்தத்தைப் பதிவு செய்தாள். ஒரு வார்த்தை சேர்க்காமல் அப்படியே அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள். இருபது விநாடி, வெறும் சொரசொரப்பு.

"இன்னா பண்ற நீ?" என்றார் ரகு.

"வான்னு கூப்ட்டாதான் அத்தை போனை வெச்சிடறாங்க. நான் ஒண்ணும் கூப்பிடலையே."

நீல நிறத்தில் இரண்டு குறி விழுந்தது. கேட்டுவிட்டாள். மூன்றாவது ஈட்டை எடுக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் மூவரும் சட்டியைச் சுற்றி நின்றோம். அப்போது போன் முனகியது. கன்னிகாவின் குரல், யாரையோ அடிக்கப் போவதுபோல.

"தீ ஜாஸ்தி. யாரு போட்டுக்கினு இருக்கறது? கையளவு போடாம அள்ளிக் கொட்டினா அப்டித்தான் சத்தம் வரும். குறைங்க மொதல்ல."

ரகு குறைத்தார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. பிரியங்கா ஒவ்வொரு ஈட்டுக்கும் சத்தம் பிடித்து அனுப்புவாள், திருப்பதியிலிருந்து தீர்ப்பு வரும். மாவைப் போட்டதும் எண்ணெய் மழைபோல இரைய வேண்டுமாம். அப்புறம் இரைச்சல் சன்னமாகும், அவசரப்படக் கூடாது. மாவில் ஈரம் இருக்கிறவரைதான் எண்ணெய் பேசும், பேச்சு அடங்கினால் வெந்துவிட்டது, எடு. இவ்வளவுதான் ரகசியம். இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் எனக்கு இது தெரியாது. அவள் ஊர்க்கதை சொல்கிறாள் என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவள் எண்ணெயைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான்காவது ஈடு பொன்னாக வந்தது. பிரியங்கா சூட்டோடு ஒன்றை வாயில் போட்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டு, அடுப்படியிலேயே ஒரு ஆட்டம் போட்டாள். ரகு அரைக்கிலோ மாவை வீணாக்கிய கவலையெல்லாம் மறந்து, பொரித்ததைக் கரண்டியால் தட்டித் தட்டி ஓசை கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பும் ஐந்தாவது ஈட்டின் சத்தத்தோடு சேர்ந்து திருப்பதிக்குப் போய்விட்டது.

அதற்குப் பதில் வரச் சற்று நேரமாயிற்று. வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"நல்லாத்தான் இருக்குது. அண்ணி, உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, இனிமே யாரும் தேவையில்ல, அவரே சுட்டுக்கலாம். அன்னிக்கே கத்துக்கினு இருந்தா கடைக்கு அலைய வேண்டியதில்ல. அத்தினி பேர் மத்தியில எனக்கு அப்டி ஒரு மரியாதையும் குடுத்திருக்க வேண்டியதில்ல."

அண்ணன் என்று சொல்லவில்லை, உங்கள் வீட்டுக்காரர் என்றாள். ரகு கரண்டியைச் சட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து மாதமாக எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாரோ அப்படியே இப்போதும் நின்றார். முதுகில் மாவு அப்பியிருந்தது. இதற்குமேல் பொறுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பிரியங்காவின் கையிலிருந்து போனை வாங்கினேன். பேசும் குறியை அழுத்திப் பிடித்தேன்.

"கன்னி, நான் அண்ணி பேசறேன். கடைக்குச் சொன்னது உங்க அண்ணன் இல்ல, நானு. அவருக்கு ஆர்டர் குடுத்த பின்னாடிதான் தெரியும். உன் கை வீங்கிக்கினு இருந்திச்சி, அது நெஜம். ஆனா அது மட்டும் இல்ல. பெங்களூர்காரங்க வராங்களே, பெட்டி இருந்தா பெருமையா இருக்கும்னு நெனச்சேன். உன் முறுக்க அடுக்குல வெச்சி நீட்ட எனக்கு வெக்கமா இருந்திச்சி. இப்ப அதை நெனச்சாதான் வெக்கமா இருக்குது. அஞ்சு மாசம் உன் கோவத்த அவர் வாங்கிக்கினார், நான் சும்மா இருந்தேன். இனிமே நீ திட்டறதா இருந்தா என்னைத் திட்டு."

விரலை எடுத்தேன். போய்விட்டது. நீலக் குறி விழுந்தது. அவ்வளவுதான், பிறகு ஒன்றுமில்லை.

பிரியங்கா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"எதுக்கு சொன்ன?" என்றார் ரகு, திரும்பாமல்.

"நீங்க எதுக்குச் சொல்லாம இருந்தீங்க?"

அவர் கரண்டியை எடுத்துக்கொண்டார். "என்கூட சண்ட போட்டா ரெண்டு நாளோ ரெண்டு வருசமோ, சரியாப்பூடும். அண்ணன் தங்கச்சி எங்க போவும். உன்கூட போட்டா அப்டி ஆவாது மோகனா. அதான்."

இருபத்தாறு வருஷம் இவரோடு குடித்தனம் செய்திருக்கிறேன். மின்வாரிய அலுவலகத்தில் ஃபைல் தூக்கிக்கொண்டு போய்வருகிற சாதாரண மனுஷன் என்று எண்ணியிருந்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு அழக்கூடாது, எண்ணெயில் விழும் என்று கன்னிகா சொல்வாள். நான் ஹாலுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிறகு மிச்சத்தை நாங்களே சுட்டோம். பதினோரு மணி, பன்னிரண்டு மணி. பிரியங்கா சத்தம் எதுவும் அனுப்பவில்லை. யாரும் சொல்லாமலே மின்விசிறியை அணைத்துவிட்டோம், டிவியை நிறுத்திவிட்டோம். இரைச்சல் அடங்கும் இடத்தில் மூவரும் ஒரே நேரத்தில் "எடு" என்றோம். கடைசி ஈடு கொஞ்சம் சிவந்தது, மற்றபடி நன்றாகவே வந்தன. ஆனால் தட்டில் குவிந்ததைப் பார்த்து யாருக்கும் ஒன்று எடுத்துத் தின்னத் தோன்றவில்லை. முறுக்கு மாவு அப்படியே இருந்தது. அச்சு முறுக்குக்கு வழியே இல்லை. பூப்போல இருக்கும் அந்த இரும்பு அச்சு கன்னிகாவிடம் இருக்கிறது. எண்ணெய்த் துணியில் சுற்றி அவளே வைத்திருப்பாள், வேறு யாரையும் தொடவிடமாட்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் முனகியது. கன்னிகாவிடமிருந்து ஒரு வாய்ஸ். பதினாறு விநாடி.

பிரியங்கா அழுத்தினாள். பேச்சு எதுவும் இல்லை. கடகடவென்று ஒரே இரைச்சல். ஒரு குழந்தை அழுதது. பிரேக் போடும் கிறீச். கண்டக்டரின் குரல் எங்கிருந்தோ, "புத்தலப்பட்டு, புத்தலப்பட்டு, திகேவாள்ளு ரண்டம்மா." இறங்குகிறவர்கள் இறங்கும் சந்தடி. மறுபடி வண்டி குலுங்க, பக்கத்திலேயே ஏதோ ஒன்று டங்கென்று எவர்சில்வரில் இடித்தது. முடிந்துவிட்டது.

"இன்னொரு வாட்டி போடு" என்றார் ரகு.

போட்டாள். கடைசியில் அந்த டங்.

"அச்சு" என்றார் அவர். "டப்பாவுல போட்டு எடுத்துக்கினு வரா."

புத்தலப்பட்டிலிருந்து சித்தூர் பஸ் ஸ்டாண்டு அரை மணி நேரம். ரகு முகம் கழுவவில்லை, சட்டை மாற்றவில்லை, முதுகில் மாவோடு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "தேங்கா ரெண்டு ஒடச்சி பால் எடுத்து வை. அச்சு முறுக்குக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரியங்கா தேங்காயை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். பால் எடுக்க அவளுக்குத் தெரியாது, உடைக்கவும் தெரியாது, ஆனாலும் ஓடினாள்.

கன்னிகா என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வந்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. திட்டட்டும். நான் நாற்காலி போட்டுப் பரண்மேல் எட்டினேன். ஒரு பொன்னிறப் பெட்டியை இறக்கித் தூசி துடைத்தேன். காலையில் கரிந்துபோன முதல் ஈட்டு கல்கலா அத்தனையையும் அதில் அடுக்கி, ரிப்பனை நன்றாகக் கட்டி, சட்டிக்கு முதுகு காட்டிப் போட்டிருந்த அவள் ஸ்டூலின்மேல் வைத்தேன். அதன்மேல் பச்சைச் சீப்பு.