வெர்னாவின் ஜன்னலுக்கு ஏற்ற புல்

சமையலறை மேஜையைச் சுற்றி அன்று மூன்று பேர். ஜன்னலை ஒட்டிச் சக்கர நாற்காலியில் வெர்னா. அவளுக்கு எதிரே, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் கணவர் எல்டன். வாசல் பக்கத்து நாற்காலியில், இதோ கிளம்பிவிட்டேன் என்பதுபோல் மழைக்கோட்டைக் கழற்றாமல் பக்கத்து வீட்டு மார்லிஸ். கிளம்பிவிட்டேன் என்று சொல்லி ஒரு மணி நேரமாகிறது. பூனை, நாற்றுப்பண்ணை அனுப்பிய செடிப் பட்டியலின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

வெளியே பிப்ரவரி மழை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இது ஓய ஏப்ரலாகும். அதுவரை வெர்னாவுக்குத் தோட்டம் என்பது அந்த ஜன்னல்தான். இடுப்பு எலும்பு உடைந்த பிறகு அவள் படியிறங்குவதில்லை.

நடைபாதை ஓரமாக, குளிரிலும் பச்சை மாறாத புல் குத்துகளை அவளே ஒரு காலத்தில் நட்டிருந்தாள். போன பிப்ரவரியில் தெருக்காரர்கள் காய்ந்த புல்லை வெட்டிச் சாய்ப்பதைப் பார்த்த எல்டன், தானும் மின்கத்தரியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். நாற்பது வருஷம் புல்விதை விவசாயம் செய்த கை அது. புல் என்றால் அறுக்க வேண்டியது, அவ்வளவுதான். மற்ற வீடுகளில் எல்லாம் துளிர்த்துவிட்டது. வெர்னாவின் குத்துகள் மட்டும் தேய்ந்த விளக்குமாற்றுக் கட்டைகளாக நின்று, ஒவ்வொன்றாக மக்கிப்போயின.

வருஷம் முழுக்க அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளும் கோபித்துக்கொள்ளவில்லை. கிண்டல் மட்டும்தான். எல்டனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"இந்தத் தடவையும் கிராப்பா, இல்ல மொட்டையா?" என்றாள் வெர்னா.

"தெருவே வெட்டிச்சு. நானும் வெட்டினேன்."

"நாங்க செத்ததை வெட்டினோம் எல்டன்," என்றாள் மார்லிஸ். "நீங்க உசிரோட இருந்ததை வெட்டினீங்க. அதைச் சும்மா விரலால கோதிவிட்டாப் போதும். காய்ஞ்ச இலை தானா கையோட வந்துடும்."

"சரி தாயே, சரி. இந்தத் தடவை நான்தான் தேர்ந்தெடுப்பேன். யாரும் வாய் தொறக்கக் கூடாது."

பூனையை நகர்த்திவிட்டு ஒரு படத்தில் விரலை வைத்தார். நீலம் ஓடிய புல், நல்ல கம்பீரம்.

"ரெண்டு அடிதான்னு போட்டிருக்கு."

"இலை ரெண்டு அடி," என்றாள் மார்லிஸ். "ஜூன்ல கதிர் விட்டா உங்க இடுப்புக்கு வரும்."

"இடுப்புதானே? அது என்ன பெரிய உயரம்?"

"உன் இடுப்பு எனக்கு நெத்திடா ராஜா," என்றாள் வெர்னா.

எல்டன் எழுந்து வந்து நாற்காலியருகே மண்டியிட்டு, அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து வெளியே பார்த்தார். நடைபாதை தெரிந்தது. தபால்பெட்டியின் மேல்பாதி தெரிந்தது. பள்ளிப் பேருந்து நிற்கும் இடம் கொஞ்சம்போலத் தெரிந்தது. இடுப்பளவு புல் வளர்ந்தால் இவ்வளவும் அவளுக்கு மறைந்துவிடும் என்று, நின்றுகொண்டு பார்த்தபோது அவருக்குத் தோன்றியதே இல்லை.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். நடைபாதை ஓரத்தில், புல் இவ்வளவு உயரம் இருக்கலாமா என்று கேட்பதுபோல் அதைப் படுக்கைவாட்டில் பிடித்து நிற்க, வெர்னா ஜன்னலுக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். இறக்கு. இன்னும் இறக்கு. துடைப்பம் கெண்டைக்காலுக்கு வந்ததும் கட்டைவிரலை உயர்த்தினாள்.

"இதைத் தெருக்காரங்க பார்த்திருந்தா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பாங்க," என்று, உள்ளே வந்தவரிடம் மார்லிஸ் துண்டை நீட்டினாள்.

சொட்டச் சொட்ட உட்கார்ந்து மறுபடி பட்டியலைப் புரட்டினார். குட்டையான நீலப் புல் ஒன்று இருந்தது. அதற்கு வெயில் வேண்டும், மேப்பிள் மர நிழலில் அழுகிவிடும் என்று அவரே தள்ளிவிட்டார். கடைசியில் விரல் நின்றது ஒரு கோரையில். ஒரு அடி உயரம், ஓரத்தில் வெள்ளைக் கரை, நிழலும் ஈரமும் அதற்கு விருந்து, குளிரிலும் பச்சை.

"கோரை! எங்கப்பா வயல்ல ஆயுசு பூரா இதைப் பிடுங்கிப் போட்டாரு. நான் காசு குடுத்து வாங்கறேன்."

"அவர் மகன் நல்ல புல்லை வெட்டிச் சாய்ச்சவன்தானே. கணக்குச் சரியாப்போச்சு," என்றாள் வெர்னா. ஆனால் படத்தைத் தன் பக்கம் இழுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதுதான்" என்றாள்.

மலையடிவாரத்து நாற்றுப்பண்ணைக்காரர் தொலைபேசியை எடுக்கிற மனிதர் இல்லை. கடிதம்தான் போட வேண்டும். எல்டன் எழுதினார்: இருபது குத்து, மார்ச் மாதம் நடும்படியாக.

"மின்கத்தரி?" என்றாள் வெர்னா.

"மார்லிஸ் வீட்டுக்குப் போகுது. கேட்டாலும் குடுக்காதீங்க மார்லிஸ்."

"அழுதாலும் குடுக்க மாட்டேன்."

உறையை நாக்கால் நனைத்து ஒட்டினார். வெளியே போய்த் தபால்பெட்டிக்குள் வைத்து, எடுத்துப்போகக் கடிதம் இருக்கிறது என்று தபால்காரருக்கு அடையாளமாகப் பெட்டியின் சிவப்புக் கொடியை நிமிர்த்திவிட்டார். அப்படியே மழையில் குனிந்து, கெண்டைக்கால் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்துக் காட்டினார். ஜன்னலுக்குள் வெர்னா, இன்னும் கொஞ்சம் இறக்கு என்று கையை ஆட்டிச் சிரித்தாள்.