முதல் பட்டதாரி

செங்கல்பட்டு இ-சேவை மைய வரிசையில் பெஞ்சமின் மிதப்பாக நின்றான். மகள் கவியாவுக்குக் கவுன்சலிங்கில் இன்ஜினியரிங் சீட்டு உறுதி. குடும்பத்தில் யாருமே டிகிரி முடிக்கவில்லை என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்கும். டியூஷன் பீஸை சர்க்கார் பார்த்துக்கொள்ளும். ஹாஸ்டலுக்கு அவன் பாதி, ஹெலன் பாதி. கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவன் வேறெப்படித் திட்டம் போடுவான்?

ஹெலன் நாவலூரிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். பிரிந்து ஆறு வருஷம். கோர்ட்டில் தீர்ப்பான நாளிலிருந்துதான் அவனை 'நீங்க' என்கிறாள். குடும்பம் நடத்தியபோது கிடைக்காத மரியாதை!

"இந்தா, கையெழுத்துப் போடு."

உறுதிமொழித் தாளைப் படித்தவள் பேனாவை மூடினாள்.

"இதுவா? போன்ல ஏதோ சர்டிபிகேட்டுன்னுதானே சொன்னீங்க. என்னால போட முடியாது. நான் பி.காம். முடிச்சிட்டேன். கரஸ்ல, போன வருஷம்."

"இன்னாது?"

"ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங்லேர்ந்து அக்கவுண்ட்ஸுக்கு மாத்த டிகிரி கேட்டாங்க."

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. "நாலு வருசமா இத்த நம்பிக்கினு கீறேன்! பேசாம போடு, யாருக்குத் தெரியப்போவுது?"

"கவியாவுக்குத் தெரியும். அவதான் எனக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தா. உங்ககிட்ட மூச்சு விடாதேன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கல்யாணமான மறுவருஷம் இதே பி.காம். விண்ணப்பத்தை, "படிச்சு இன்னா கிழிக்கப்போற?" என்று அடுப்பில் போட்டவன் அவன்தானே. அன்று அவள் அழக்கூட இல்லை. பதினெட்டு வருஷம் கழித்து, அத்தனை பேர் நடுவில், அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வரிசையை விட்டு வெளியே வந்தான். அவளும் பின்னால் வந்தாள்.

"பீஸுக்கு என்ன பண்றது?" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"பி.எஃப்.ல லோன் போடறேன். நீயும் பாதி குடு. சமாளிக்கலாம்."

பையிலிருந்து கல்லூரி விண்ணப்பத்தை எடுத்து பைக் சீட்டின் மேல் விரித்தான். தாயின் கல்வித் தகுதி என்ற இடத்தில் அவனே எழுதியிருந்த 'பன்னிரண்டாம் வகுப்பு' இருந்தது. அதை அடித்துவிட்டு பி.காம். என்று எழுதினான்.

"இன்னா கிளாஸு வாங்கின?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்."

விண்ணப்பத்தில் அதைக் கேட்கவே இல்லை. இருந்தும் பி.காம். பக்கத்தில் நெருக்கி, அதையும் எழுதினான்.