நடுவில் ஒரு ராகி உருண்டை

இன்ஜின் இரண்டாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. கிரண் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டுவிட்டு, விக்கெட் எடுத்த பவுலரைப் போல ஷெட்டை ஒரு சுற்று ஓடி வந்தான். இத்தனை வருஷம் பெட்ரோல் இன்ஜினில் முனகியபடியே ஓடிய அந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப், இப்போது டர்போ டீசலின் கனத்த குரலில் உறுமிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியும் கூடவே அதிர்ந்தது. லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டிய சந்தில் அவனும் மகாவும் சேர்ந்து ஷெட் எடுத்த பிறகு முடிக்கிற முதல் வேலை அது.

மகா ஓடவில்லை. ஓர் அட்டையை விரித்து ஜீப்புக்கு அடியில் நுழைந்தாள். எண்ணெய் எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கத்தான். கசியவில்லை. ஆனால் டார்ச் வெளிச்சத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. இன்ஜினுக்குக் கீழே தொட்டி போலத் தொங்கும் ஆயில் சம்ப். அதற்கு நேர் கீழே, குறுக்காகப் போகும் முன் ஆக்சில். நடுவில் விரல்களை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல்தான் போனது. நாலு விரல் போக வேண்டிய இடம்.

அளந்தது அவள்தான். பொம்மசந்திரா தொழிற்சாலை ஒன்றில் பகலெல்லாம் உதிரி பாகங்களை அளந்து, தேறியது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பதுதான் அவள் உத்தியோகம். சாயங்காலம் டிப்ளமோ வகுப்பு. எல்லாவற்றிலும் தன்னைச் சந்தேகப்படுகிறவளுக்கு அளவெடுப்பதில் மட்டும் தன்மேல் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. அளவு தப்பவும் இல்லை. ஆனால் அளந்த அன்று ஜீப், சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரமில்லாமல் அந்தரத்தில் நின்றிருந்தது. ஆக்சில் தன் பாட்டுக்கு ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது நாலு சக்கரமும் தரையில் ஊன்றி, வண்டியின் மொத்த பாரமும் உட்கார்ந்ததும், சம்ப் ஆக்சிலை நெருங்கி வந்துவிட்டது. நிற்கும்போதே இரண்டு விரல் என்றால், பள்ளத்தில் விழுந்து எழும்போது?

"வெளிய வா மகா, பிரிஜெட் ஆன்ட்டி வந்துட்டாங்க!"

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய பிரிஜெட், கைப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, தன் ஜீப்பின் புதுக் குரலைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். அஞ்செட்டி பக்கம் மலைச்சரிவில் அவருக்கு நிலமும் ஆடுகளும் இருந்தன. வாரா வாரம் தீனி மூட்டைகளோடு தனியாகவே ஓட்டிப் போவார். போன மழைக்காலத்தில் பழைய இன்ஜின் பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போயிருக்கிறார். இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதிகூட அவரே அலைந்து வாங்கியதுதான்.

"என்ன மேன், லாரி மாதிரி கத்துது?" என்றார் கிரணிடம். "எனக்குப் பிடிச்சிருக்கு. நாளைக்கே மலைக்கு எடுத்துப் போறேன்."

மகா தலைமுடியில் ஒட்டிய மண்ணோடு எழுந்து நின்றாள். "ஆன்ட்டி, ஒரு நிமிஷம். கிரண், சம்ப் ஆக்சில்ல இடிக்குமோன்னு..."

கிரண் சிரித்தே விட்டான். "போன வாரம் கிளட்ச்னு சொன்னே. அதுக்கு முந்தி வயரிங்னே. ரெண்டையும் பிரிச்சோம், ரெண்டும் சரியா இருந்துச்சு. ஆன்ட்டி, இவ கேஸ் மூடினேனான்னு பஸ்ஸ்டாப்லேர்ந்து திரும்பி வீட்டுக்குப் போறவ. சந்தேகத்துக்கே பொறந்தவ."

மகாவுக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது உண்மை. சந்தேகத்தை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியும். நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லத்தான் தெரியவில்லை. வாயைத் திறந்தால் அதுவும் கேள்வியாகத்தான் வந்தது. பேசாமல் விட்டுவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் ஆகாது. ஆனால் அஞ்செட்டி மண்பாதையில், போனில் சிக்னலும் இல்லாத இடத்தில், ஒரே ஓர் இடி போதும். சம்ப் விரியும், எண்ணெய் முழுக்க மண்ணில் இறங்கும், இன்ஜின் இறுகிப்போகும். தீனி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இதே கைப்பையோடு தனியாக நிற்கும் பிரிஜெட்டை அவளால் பார்க்க முடிந்தது.

மேசைமேல் கிரணின் டிபன் டப்பா இருந்தது. திறந்தாள். ராகி முத்தே, கேழ்வரகுக் களி உருண்டை. பாதியைப் பிய்த்தாள்.

"ஏய், அது என் சாப்பாடு!"

அவள் அதற்குள் அட்டையில் படுத்து அடியில் போய்விட்டாள். களியை உருட்டி, சம்ப்புக்கு நேர் கீழே ஆக்சில்மேல் வைத்து, அசையாதபடி விரல்களால் அழுத்தினாள். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மெயின் ரோட்டு ஹம்ப் வரைக்கும் போய்ட்டு வாங்க. வந்து பார்ப்போம்."

"ஓட்டறது நான்தான்," என்று பிரிஜெட் ஏறி உட்கார்ந்தார். கிரண் முனகிக்கொண்டே பக்கத்தில் ஏறினான்.

திரும்பி வந்ததும், இன்ஜினை அணைத்த பிறகு, கிரணே அடியில் போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் உருண்டை இல்லை. அடை மாதிரி ஒன்று இருந்தது. அதன் நடுவில் சம்ப்பின் அடியில் எண்ணெய் வடிக்கும் டிரெயின் போல்ட், ஆறு முனையும் தெளிவாகத் தெரிய, முத்திரை குத்தியது போலப் பதிந்திருந்தது. சின்ன வேகத்தடைதான் அந்த ஹம்ப். சாதாரண வேகம்.

"யாரு அளந்தது?" என்றார் பிரிஜெட்.

"நான்தான் ஆன்ட்டி. வண்டி தொங்கிட்டு இருக்கும்போது அளந்துட்டேன். தப்பு."

"அந்த அளவுக்கு வெல்டு வெச்சது நான்," என்றான் கிரண், களியைப் பார்த்தபடியே. "நானும்தான் கீழ இறக்கிப் பார்க்கலை."

பிரிஜெட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி பண்ணுங்க. தீனிய டெம்போவுல அனுப்பிக்கறேன். ஆடுங்க கோவிச்சுக்காது." வாசல்வரை போய்த் திரும்பினார். "உன் சாப்பாடுதான் போச்சு மேன்."

மறுபடி செயின் பிளாக், மறுபடி இன்ஜின் அந்தரத்தில். இன்ஜினைத் தாங்கும் பழைய மவுண்டிங்கை அறுத்து எடுத்து, இன்னும் உயரமாகப் புதிது செய்தார்கள். பானட் மூடவில்லை, காற்றுக்குழாயை வேறு பக்கமாகத் திருப்பினார்கள். மூடியது. இந்தத் தடவை சக்கரம் தரையில் இருக்கும்போதே மகா அளந்தாள். முன்பாரம் இன்னும் அழுந்தட்டும் என்று மணல் மூட்டைகளைப் பம்பரில் அடுக்கி, போதாமல் கிரணையும் ஏற்றி உட்கார வைத்தாள்.

"கொஞ்சம் குண்டான பார்ட்னரா பார்த்திருக்கலாம் நீ," என்றான் மேலேயிருந்து.

"கிரண்... இடது பக்கம் ஒரு போல்ட்டு. சரியா டைட் பண்ணினேனான்னு..."

அவன் சிரிக்கவில்லை. "எது, முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தான். போல்ட் சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பிரிஜெட் நேராக ஷெட்டுக்கு வந்தார். கிரண் டப்பாவைத் திறந்து காட்டினான். "ரெண்டு கொண்டாந்தேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஆக்சிலுக்கு."

மகா உருண்டையை வைத்து அழுத்திவிட்டு வந்தபோது, பிரிஜெட் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் சீட் காலியாக இருந்தது. "என்ன பார்க்கறே? ஏறு."

அந்த வாரத்துக்கு ஏற்றிவைத்திருந்த தீனி மூட்டைகள் பின்னால் குலுங்க, ஹம்ப்பைக் கடந்தாள். அதோடு திரும்பலாம்தான். திரும்பாமல் மேம்பாலத்துக்கு அடியில், மழையில் பெயர்ந்து கிடந்த குழிகளுக்குள் வேண்டுமென்றே இறக்கினாள். பிரிஜெட் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்படித்தான், அப்படித்தான்," என்றார்.

ஷெட்டுக்கு வந்து, டர்போ ஆறட்டும் என்று கொஞ்சம் ஓடவிட்டு இன்ஜினை அணைத்தாள். சந்து அமைதியானது. கிரண் டார்ச்சை நீட்டினான். தானே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. அவள் அட்டையில் மல்லாந்து உள்ளே நகர்ந்தாள்.

"என்ன ஆச்சு?" பிரிஜெட்டின் குரல் மேலேயிருந்து வந்தது.

ஆக்சில்மேல் உருண்டை அப்படியே இருந்தது. மேலே மெல்லிசாகச் செம்மண் புழுதி படிந்திருந்தது. புழுதிக்கு அடியில் அவளுடைய நாலு விரல் தடம், வைத்தபடியே.