கார்டியன் தட்டிய கோப்பை

சாமிதுரைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பீங்கான் சூளை ஒன்று சொந்தமாக இருந்தது. ஆனாலும் 1974 வரை அவர் போடும் சட்டையின் நிறத்தைக்கூட அக்கா விருத்தாம்பாள்தான் முடிவு செய்தாள். கோர்ட்டு உத்தரவே அவள் கையில் இருக்கும்போது யார் என்ன கேட்பது?

பெண்சாதி செத்த வருஷம் அவருக்குப் புத்தி பிசகியது உண்மைதான். தின்னாமல், தூங்காமல், கோப்பைகளை நகத்தால் தட்டிக்கொண்டே கிடந்தார். கடலூர் கோர்ட்டு அக்காவைக் கார்டியனாகப் போட்டது. அக்கா சூளையையும் பார்த்துக்கொண்டாள், தம்பிக்கு மாத்திரையும் கொடுத்தாள். மாத்திரை நின்று ரொம்ப நாளாகியும் கார்டியன் நிற்கவில்லை. சொந்தச் சூளைக்கு விறகு வாங்கக்கூட அவர் கையெழுத்து செல்லாது. அதுதான் உறுத்தியது. டாக்டர் சான்றோடு, உத்தரவை நீக்கச் சொல்லி மனுப் போட்டார்.

"நான் என்னடா கொற வெச்சேன்?"

"ஒரு கொறையும் இல்லக்கா. என் சட்டைய நானே எடுத்துக்கிறேங்கறேன்."

தெரு முழுக்கச் சட்டைப் பேச்சுதான்.

நீதிபதி தம் அறையில் வைத்தே விசாரித்தார். விருத்தாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவன் இன்னும் கோப்பையத் தட்டுறானுங்க. கல்யாண வூட்டுல டீ குடுத்தாக்கூட தட்டிட்டுத்தான் குடிக்கிறான். மறுபடி வந்துடுமோன்னு பயமா இருக்குதுங்க."

டீ வந்தது. சாமிதுரை கையை மடியைவிட்டு எடுக்கவேயில்லை.

விருத்தாம்பாள் கோப்பையைத் தூக்கினாள். விளிம்பில் நகத்தால் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுக் குடித்தாள்.

"ஏம்மா தட்டுனீங்க?" என்றார் நீதிபதி.

"விரிசல் இருந்தா சத்தம் மொட்டையா வருமுங்க. எங்க ஊர்ல எல்லாரும்..."

அதோடு நின்றுவிட்டாள். தம்பி தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"அப்போ உங்களுக்கு யாரைக் கார்டியனாப் போடலாம்?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "விட்டுடுங்கய்யா. அவன் காரியத்த அவனே பாத்துக்கட்டும்."

டாக்டரையும் விசாரித்தபின் உத்தரவு நீங்கியது. மறுநாளே சாமிதுரை கிளிப்பச்சையில் சட்டை எடுத்து வந்தார்.

"இதாடா கெடச்சுது?"

"இதான்க்கா புடிச்சுது."

இந்தச் சட்டையைப் பார்த்திருந்தால் நீதிபதி இன்னொரு வாய்தா போட்டிருப்பார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சாமிதுரை காதில் எதுவும் விழவில்லை. விறகு வண்டிக்காரன் நீட்டிய சீட்டில் தன் பெயரை நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார்.